குரங்குப் பெடலும் அழுகுணி ஆட்டமும்

நொண்டி விளையாடும்போது தூக்கின காலை நைசா ஊனிட்டு, "ஊனவே இல்லையே"ன்னு சாதிப்பாங்களே, அதுக்குப் பேரு அழுகுணி ஆட்டம். மெட்ராஸ் பக்கம் போங்குன்னு சொல்வாங்க. இந்த வார்த்தையை ரொம்ப வருஷம் கழிச்சு எங்க அன்னவாசல் கடைத்தெருவுல, அதுவும் ஒரு பேட்டரி சைக்கிளைப் பாத்து ஒருத்தர் சொல்லக் கேட்டேன். "சைக்கிள்னா மிதிக்கணும்ப்பா. மோட்டார் வச்சுக்கிட்டு மிதிக்கிற மாதிரி போறது அழுகுணி ஆட்டம். சுத்த சோம்பேறித்தனம்."

சொன்னவர் வந்தது பல்சர்ல. அதை விடுங்க :-)

ஆனா கேள்வி மனசுல உக்காந்துக்கிச்சு. இந்த "ஏமாத்து", "சோம்பேறி" ரெண்டும் சைக்கிளோட எப்ப ஒட்டிக்கிச்சு, யாரைப் பாத்து முதல்ல சொன்னாங்கன்னு கொஞ்சம் தோண்டிப் பாத்தேன். விஷயம் பிரான்ஸ்ல ஆரம்பிச்சு எங்க மாவட்டத்துல வந்து நிக்குது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

மோட்டார் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தச் சண்டை ஆரம்பிச்சுடுச்சு. முதல்ல அடி வாங்கினது கியர். 1902ல பிரான்ஸ் நாட்டு டூரிங் கிளப் மலைப்பாதையில 200 கிலோமீட்டருக்கு மேல ஒரு சோதனை ஓட்டம் வச்சாங்க. அதுல மார்த் எஸ்ங்கிற பெண்மணி மூணு கியர் வச்ச சைக்கிள்ல கலந்துக்கிட்டாங்க. எதுத்து ஓட்டினது ஃபிஷர்னு ஒரு பந்தய வீரர், அவருது கியர் இல்லாத வண்டி. அந்தம்மா ஏத்தத்துல ஒரு தடவைகூட இறங்கித் தள்ளாம அவரை முந்திட்டாங்க. இதைப் பாத்த ஆன்றி டெகிராஞ்சுக்கு (ஆமா, அடுத்த வருஷம் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஆரம்பிச்ச அதே பத்திரிகை ஆசிரியர்தான்) பொறுக்கல. கியரெல்லாம் 45 வயசு தாண்டினவங்களுக்குத்தான், சூழ்ச்சியால ஜெயிக்கிறதைவிட தசை பலத்தால ஜெயிக்கிறதுதானே அழகு, நாம எல்லாம் மெத்துனு ஆயிட்டு வர்றோம்ங்கிற கருத்துல எழுதினாரு. சும்மா சொல்லக்கூடாது, எழுதறதுக்குத் தகுதி உள்ள ஆள்தான். 1893ல ஒரு மணி நேரத்துல 35 கிலோமீட்டருக்கு மேல மிதிச்சு சாதனை வச்சவரு.

அவரு நடத்தின டூர் டி பிரான்ஸ்ல, செயினை ஒரு பல்சக்கரத்துலேருந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற கியர் 1937 வரைக்கும் முன்னணி வீரர்களுக்குக் கிடையாது. மலை அடிவாரம் வந்தா வண்டிய நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழட்டி, திருப்பி மாட்டி, அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பல்சக்கரத்துல செயினை விட்டுட்டு ஏறணும். கொட்டுற மழையில, விறைச்ச விரல்ல! டெகிராஞ் பொறுப்புலேருந்து விலகினப்புறம்தான் அனுமதி வந்துச்சு. இன்னிக்கு எட்டாம் கிளாஸ் பையன் ஓட்டுற சைக்கிள்லயே கியர் இருக்கு. யாரும் அதை அழுகுணின்னு சொல்றதில்ல.

இதுக்கும் முன்னாடி காத்தடிச்ச டயருக்கும் இதே கதிதான். 1888ல டன்லப் செஞ்ச குண்டு டயரைப் பாத்து சிரிச்சாங்க. அடுத்த வருஷம் பெல்ஃபாஸ்ட் பந்தயத்துல அந்த டயர் போட்டவர் வரிசையா ஜெயிச்சதும் சிரிப்பு நின்னுடுச்சு.

மோட்டாருக்கு வருவோம். மின்சார சைக்கிள் புதுசுன்னு நினைக்கிறோம். பின்சக்கர அச்சுலயே மோட்டார் வச்ச சைக்கிளுக்கு ஓக்டன் போல்டன்ங்கிற அமெரிக்கர் 1895 டிசம்பர்லயே காப்புரிமை வாங்கிட்டாரு. பந்தயத்துல அது ஏமாத்துதான், சந்தேகமே வேணாம். 2016ல பெல்ஜியத்துல நடந்த உலக சாம்பியன்ஷிப் போட்டியில ஒரு வீராங்கனையோட சைக்கிள் சட்டத்துக்குள்ள மோட்டார் ஒளிஞ்சிருந்ததைக் கண்டுபிடிச்சு 6 வருஷம் தடை போட்டாங்க. சரியான தண்டனை. அங்க விக்கிற சரக்கே தசையோட பலம்தான். அதுல கலப்படம் பண்ணினா ஏமாத்துதான்.

ஆனா எங்க ஊருக்கு சைக்கிள் எதுக்கு வந்துச்சு? இங்கதான் என் கதை ஆரம்பம்.

1991ல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம். முந்தின வருஷம்தான் எர்ணாகுளம் இந்தியாவோட முதல் முழு எழுத்தறிவு மாவட்டம்னு அறிவிக்கப்பட்டிருந்துச்சு. அந்த வேகத்துல இங்கயும் தொடங்கினாங்க. அப்ப கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற தொண்டர்கள்ல நிறையப் பேர் பொம்பளைங்க. சாயங்காலம் வேலை முடிஞ்சு பக்கத்து ஊருக்குப் போய் பாடம் நடத்திட்டு ராத்திரி திரும்பணும். எப்படிப் போறது? பஸ் ஒருநாளைக்கு ரெண்டு தடவை வரும், வராமலும் போகும். அண்ணன் தம்பி கொண்டுபோய் விடணும், இல்லேன்னா நடக்கணும். அப்பதான் சைக்கிள் ஓட்டுறதையும் பாடத்துல ஒண்ணா சேத்தாங்க. உயிரெழுத்து, மெய்யெழுத்து, சைக்கிள்! பேங்குகளைப் பிடிச்சு சைக்கிளுக்குக் கடன் கொடுக்க வச்சாங்க. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இன்ன பொறுப்புன்னு பிரிச்சுக் கொடுத்தாங்க. முத்துபாஸ்கரன் இதுக்குன்னே ஒரு பாட்டு எழுதி, அது ஊர் ஊரா ஒலிச்சுது.

முதல்ல தொண்டர்கள் கத்துக்கிட்டாங்க. அப்புறம் அவங்ககிட்ட எழுத்துப் படிக்க வந்தவங்க. அப்புறம் எல்லாரும். 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1500க்கும் மேல பொம்பளைங்க ஹேண்டில்பார்ல கொடி கட்டி, மணியடிச்சுக்கிட்டு புதுக்கோட்டை டவுனுக்குள்ள வந்ததை பி. சாய்நாத் எழுதியிருக்காரு. 1996ல வந்த அவரோட வறட்சி பத்தின புத்தகத்துல புதுக்கோட்டை சைக்கிளுக்குன்னே ஒரு கட்டுரை இருக்கு. அதுல எங்க பக்கத்து குடுமியான்மலை கல்குவாரியில வேலை செஞ்ச பொண்ணுங்களும் வர்றாங்க. இசைக் கல்வெட்டுக்குப் பேர்போன குடுமியான்மலைதான். அங்க கல்லு உடைச்சவங்க, வயல் வேலைக்குப் போனவங்க, கிராம நர்சு, பால்வாடி டீச்சர், செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டினவங்க, சத்துணவுக் கூடத்துல ஆக்கிப்போட்டவங்க. விளையாட்டுக்காகவோ உடம்பு இளைக்கவோ யாரும் ஏறல. உடம்பு ஏற்கனவே வேலையில இளைச்சுத்தான் கிடந்துச்சு.

லேடீஸ் சைக்கிளுக்கு ஏகப்பட்ட கிராக்கி, கடையில ஸ்டாக் இல்ல. சரி, ஜென்ட்ஸ் சைக்கிளே போதும்னு ஏறிட்டாங்க. சிலபேர் ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வேணும்னே கேட்டாங்களாம். குறுக்குக் கம்பியில குழந்தையை உக்கார வச்சுக்கலாமே!

எங்க சின்னம்மா அப்ப கத்துக்கிட்ட ஆளு. பள்ளிக்கூடத்து மைதானத்துல, புழுதியில, சேலையைச் சொருகிக்கிட்டு. வாடகை சைக்கிள்தான், அதுவும் பெரிய வண்டி. நாங்க பொடிசுங்க எல்லாம் சுத்தி நின்னு "குரங்குப் பெடல் போடு சின்னம்மா"ன்னு கத்துவோம். தெரியாதவங்களுக்கு: சீட்டுல ஏற உயரம் பத்தாத பிள்ளைங்க குறுக்குக் கம்பிக்குக் கீழ ஒரு காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் தொங்கப் போட்டுக்கிட்டு ஓட்டுற வித்தைதான் குரங்குப் பெடல். கறாரா பாத்தா அதுவும் அழுகுணிதானே? உக்காந்து ஓட்ட வேண்டிய வண்டியை நின்னுக்கிட்டு ஓட்டறது. ஆனா தமிழ்நாட்டுல பாதிப் பேர் அப்படித்தான் சைக்கிள் கத்துக்கிட்டோம். சின்னம்மா எங்களை ஒரு மொறை மொறைச்சிட்டு, மைல்கல்லு மேல ஏறி நின்னு சீட்டுல உக்காந்து, யாரோ தள்ளிவிட, போயிட்டாங்க. எப்படி நிறுத்தறதுங்கிறது ரெண்டாம் நாள் பாடம்.

அப்ப அவங்களைப் பாத்து யாரும் சோம்பேறின்னு சொல்லல. சொன்னதெல்லாம் வேற. "பொம்பளைக்கு என்ன சைக்கிளு", "எங்க போறா, யாரைப் பாக்கப் போறா", இன்னும் எழுத முடியாதது நிறைய. அசிங்கமா பேசினதை சாய்நாத்கிட்டயே அந்தப் பொண்ணுங்க சொல்லியிருக்காங்க. காதுல வாங்காம மிதிச்சுக்கிட்டே போனாங்க.

இந்தக் கதையில பலபேர் கவனிக்காத ஒரு தகவல் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. சைக்கிள் இவ்வளவு பரவினதைப் பாத்த யூனிசெஃப், அறிவொளிப் பெண் தொண்டர்களுக்கு 50 மொபெட் ஒதுக்குச்சு. மொபெட்னா என்ன? பெடலும் உண்டு, மோட்டாரும் உண்டு. பேருலயே மோட்டார்ல பாதியும் பெடல்ல பாதியும் இருக்கு. அதாவது, உலகமே வியந்து பாத்த புதுக்கோட்டை சைக்கிள் புரட்சிக்குக் கிடைச்ச பரிசே மோட்டார் வச்ச சைக்கிள்தான். ஒரு ஆள் மூணு ஊரைப் பாத்துக்கிட்ட இடத்துல பத்து ஊரைப் பாத்துக்கலாம்னா, மிதிச்சே போன்னு எவன் சொல்லுவான்?

நம்ம நாட்டுல மொபெட்டுக்கு நல்ல சரித்திரம் இருக்கு. 1972ல புனேயிலேருந்து லூனா வந்துச்சு. 1980ல ஓசூர்லேருந்து டிவிஎஸ் 50. பெடலை மிதிச்சு ஸ்டார்ட் பண்ணணும், பெட்ரோல் தீந்துபோனா மிதிச்சே வீடு வந்து சேரலாம் (சேந்தவனைக் கேட்டா தெரியும் எவ்வளவு கஷ்டம்னு). ரெண்டு பால்கேன், ஒரு ஆட்டுக்குட்டி, மூணு பிள்ளைங்க, ஒரு மூட்டை புண்ணாக்கு எல்லாம் அதுலதான் போச்சு. கிண்டல் பண்ணினாங்கதான், ஆனா அது "பொட்டி வண்டி"ங்கிற கிண்டல். மிதிக்காம போறியே சோம்பேறின்னு பால்காரரைப் பாத்து யாரும் கேக்கல.

1993ல ஜப்பான்ல யமஹா கம்பெனி இன்னொரு மாதிரி யோசிச்சாங்க. பெடலை எவ்வளவு பலமா மிதிக்கிறோம்னு ஒரு சென்சார் அளக்கும். அதுக்குச் சமமா மோட்டாரும் தள்ளும், அதுக்கு மேல தள்ளாது. வேகம் கூடக் கூட மோட்டாரோட உதவி குறையும். மிதிக்கிறதை நிறுத்தினா மோட்டாரும் நின்னுடும். அங்க இதை அதிகம் வாங்கினவங்க வயசானவங்களும், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு பிள்ளைங்களை வச்சு ஓட்டுற அம்மாக்களும்தான். குறுக்குக் கம்பியில குழந்தையை வச்ச எங்க ஊர் பொம்பளைங்க ஞாபகம் வரலையா?

சரி, சோம்பேறித்தனம்ங்கிற குற்றச்சாட்டுக்கு ஒரு கணக்கு. சாதாரண மனுசன் மூச்சு வாங்காம தொடர்ந்து மிதிச்சா 75லேருந்து 100 வாட் சக்தி வரும். 250 வாட் மோட்டார்னா கூட ரெண்டு மூணு பேர் சேந்து மிதிக்கிறதுக்குச் சமம். அப்ப உடம்புக்கு வேலையே இல்லையா? 2019ல ஏழு ஐரோப்பிய நகரங்கள்ல 10,000 பேருக்கும் மேல வச்சு நடத்தின ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. மிதிச்சாத்தான் உதவுற வகை மின்சார சைக்கிள் ஓட்டுறவங்களுக்கும், சாதா சைக்கிள் ஓட்டுறவங்களுக்கும் வாரத்துக்குக் கிடைக்கிற உடலுழைப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான். காரணம், மின்சார சைக்கிள்காரங்க அதிக தூரம் போறாங்க. கார்லேருந்தும் பஸ்லேருந்தும் இதுக்கு மாறினவங்களுக்கு உழைப்பு கூடுச்சு. சாதா சைக்கிளை விட்டுட்டு இதுக்கு வந்தவங்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சுது. அதையும் மறைக்காம சொல்லிடணும்.

ஆனா நம்ம ஊர் சமாச்சாரம் வேற. இங்க விக்கிற பாதி வண்டியில ஆக்சிலேட்டரைத் திருகினா போதும், பெடல் பேருக்குத்தான். சில வண்டியில பெடலே கிடையாது. அதுல உக்காந்துக்கிட்டு உடற்பயிற்சின்னு சொன்னா அது பொய்தான், ஒத்துக்கிறேன். தெருமுனை டீக்கடைக்கு அதுல போற இருபது வயசுப் பையனை சோம்பேறின்னு தாராளமா திட்டுங்க, நானும் சேந்துக்கிறேன். ஆனா அதே பையன் 150 சிசி பைக்குல அதே டீக்கடைக்குப் போனா வாயைத் திறக்க மாட்டேங்கிறோமே, ஏன்? பைக்கு பைக்கா இருக்கு. சைக்கிள் மாதிரி இருந்துக்கிட்டு சைக்கிளா இல்லாததுதான் நம்மளை உறுத்துது போல.

அவ்வளவு கறாரா பாக்கணும்னா எங்க ஊர்லேருந்து சித்தன்னவாசலுக்கு ஒருநடை போயிட்டு வாங்க. அங்க ஏழடிப்பட்டத்துல ஏறத்தாழ 2000 வருஷத்துக்கு முந்தின கல்வெட்டும், சமணத் துறவிகளோட கல் படுக்கைகளும் இருக்கு. சமணத் துறவிங்க எந்த வாகனத்துலயும் ஏற மாட்டாங்க, நடைதான். அவங்க கணக்குல டெகிராஞ்சோட கியரில்லாத சைக்கிளே அழுகுணி!

இப்ப எங்க சின்னம்மா கதைக்கு வர்றேன். 1991ல அவங்களுக்கு இருபத்தஞ்சு வயசுகிட்ட. இப்ப அறுபதை நெருங்கிட்டாங்க. அந்த மாவட்டத்துல அப்ப கத்துக்கிட்ட ஒரு தலைமுறையே இந்த வயசுலதான் இருக்கு. முட்டி தேஞ்சு போச்சு. நடுவுல என்னென்னவோ வந்துச்சு. 2001லேருந்து பள்ளிக்கூடப் பொண்ணுங்களுக்கு இலவச சைக்கிள், சில வருஷத்துல பசங்களுக்கும். 2018ல வேலைக்குப் போற பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியம், 25,000 ரூபாய் வரைக்கும். 2021 மே மாசத்துலேருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. உடனே "ஓசி"ன்னு ஒரு பேச்சும் கிளம்பிச்சு, ஞாபகம் இருக்கும். ஒரு பொம்பளை சுலபமா எங்கயாச்சும் போறதுக்கு ஒரு வழி கிடைச்சா, கூடவே ஒரு வார்த்தையும் ரெடியா கிடைச்சுடுது நமக்கு.

வீட்டுல மோட்டார் பைக் வாங்கின அன்னிக்கே சின்னம்மாவோட ராஜ்ஜியம் சுருங்கிப் போச்சுங்கிறது என் எண்ணம். சைக்கிள் அவங்களுது. பைக் சித்தப்பாவுது. லைசென்ஸ் அவர்கிட்ட, பெட்ரோல் காசு அவர்கிட்ட. கொண்டுபோய் விட ஆள் இருந்தா போவாங்க, இல்லேன்னா இல்ல. 1991க்கு முன்னாடி இருந்த அதே நிலைமை, பளபளன்னு.

போன வருஷம் தம்பி ஒரு மின்சார சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல போகாது, மோட்டார் 250 வாட்டுக்குள்ள. இந்த அளவுக்குள்ள இருந்தா சட்டப்படி லைசென்ஸ் வேண்டாம், பதிவும் வேண்டாம். பெட்ரோல் போட யார்கிட்டயும் காசு கேக்க வேண்டாம். ராத்திரி பிளக்ல மாட்டினா காலையில தயார். அந்த வகையில இது டிவிஎஸ் 50க்கு வாரிசு கிடையாது, 1991 சைக்கிளுக்குத்தான் வாரிசு. குறை இல்லாமலும் இல்ல. சாதா சைக்கிளைவிட விலை பல மடங்கு. சில வருஷத்துல பேட்டரி மாத்தணும், அதுக்கு ஒரு பெருந்தொகை. பஞ்சர் ஒட்டுற கடைக்காரர் மோட்டார் இருக்கிற சக்கரத்தைத் தொட யோசிக்கிறாரு. பழைய சைக்கிளை எந்த வேப்பமரத்தடியிலயும் ரிப்பேர் பாத்துடலாம். இது அப்படி இல்ல. அன்னிக்கு சைக்கிளுக்குக் கடன் கொடுத்த மாதிரி இதுக்கும் பேங்குகள் அம்பது வயசு தாண்டின அம்மாக்களுக்கு ஒரு சின்னக் கடன் கொடுத்தா என்னவாம்?

கடைத்தெருவுல அழுகுணி ஆட்டம்னு சொன்னதை சின்னம்மாகிட்ட சொன்னேன். பெருசா கண்டுக்கல. "புதுக்கோட்டையிலேருந்து திரும்பி வர்றப்பதான் மோட்டாரப் போடுவேன். ஆடி மாசம் எதிர்க்காத்து எப்படி அடிக்கும்னு தெரியும்ல? மத்த நேரம் மிதிச்சுத்தான் போறேன், பேட்டரி தீந்து போயிருமே"ன்னாங்க. அப்புறம் பேச்சு வேற பக்கம் போயிடுச்சு. குடுமியான்மலைக்கு, கூட அறிவொளியில இருந்த ஒருத்தங்களைப் பாத்துட்டு வந்தாங்களாம். பல வருஷம் கழிச்சுப் பாக்கிறாங்க. ரெண்டு பேரும் உக்காந்து பேசி, இருட்டினப்புறம்தான் கிளம்பினாங்களாம். வண்டியில லைட் நல்லா எரியுதாம், அந்தக் காலத்து டைனமோ மாதிரி மிதிக்கிறதை நிறுத்தினா அணையிறதில்லையாம்.

உங்க வீட்லயும் 1991-92ல புதுக்கோட்டைப் பக்கம் சைக்கிள் கத்துக்கிட்ட அம்மா, அத்தை, சின்னம்மா யாராச்சும் இருந்தா, கேட்டு எழுதிப் போடுங்க மக்களே. எந்த மைதானம், யாரு தள்ளிவிட்டா, முதல்ல எந்த ஊருக்குப் போனாங்க, இந்த மாதிரி சின்னச் சின்னத் தகவல் போதும். பின்னூட்டத்துல சுட்டி கொடுத்தா நான் கண்டிப்பா வந்து படிக்கிறேன்.